அடுக்குப் பார்த்துவிட்டு வந்தவர்கள்: ஓஎம்டி குழுவின் 14 வருட இடைவெளியும் ஓர் இசைத்தட்டும்

போன பங்குனியில் ஒரு ஞாயிறு பின்னேரம், கல்லடியில் நான் நடத்தும் சின்ன ஒலிப்பதிவு அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தொண்ணூறுகளில் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கோயில் திருவிழா மேடைகளில் அடிக்கடி கண்ட முகங்கள். இரண்டு கீபோர்ட், ஓர் ஒக்டபாட் (குச்சியால் தட்டி வாசிக்கும் மின் தாளக் கருவி), ஒரு பாடகர். கிட்டார் கிடையாது. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே தங்கள் சொந்தப் பாட்டு இரண்டு மூன்றைப் போடுவார்கள். அந்தச் சொந்தப் பாட்டுக்காகவே நான் மேடைக்கு முன்னால் போய் நிற்பேன். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. திரும்பி வரும் நாளில் அவர்களே அதைச் சொல்லட்டும்.

2004 டிசெம்பர் 26 அன்று, கடற்கரைப் பக்க வீடொன்றில் வைத்திருந்த அவர்களுடைய கருவிகள் முழுவதையும் சுனாமி கொண்டுபோனது. வீட்டுக்காரர் உயிர் தப்பியதே பெரிய காரியம். அதற்குப் பிறகு யாரும் கீபோர்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருவர் ரொறன்ரோவுக்குப் போனார். ஒக்டபாட் வாசித்தவர் அக்கரைப்பற்றில் கடை போட்டார். ஒருவர் வயல் பார்த்தார். இப்போது மறுபடி சேர்ந்து எட்டுப் புதுப் பாட்டோடு ஓர் இசைத்தட்டு செய்ய வேண்டும் என்று வந்திருக்கிறார்கள்.

"எப்ப அண்ணே மேடை ஏறப்போறீங்க?" என்று பாடகரிடம் கேட்டேன்.

"முதல்ல சிடி வரட்டும் மனே. அதக் கேட்டுட்டுச் சனம் கூப்பிடும்" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று அந்த இடத்தில் விளக்கவும் வரவில்லை. இரவு படுத்திருந்தபோதுதான், நான் பல வருடங்களாகக் கேட்டுவரும் ஓர் ஆங்கிலக் குழுவின் கதை ஞாபகத்துக்கு வந்தது. அவர்களும் கீபோர்ட் குழுதான். அவர்களும் காணாமல் போய்த் திரும்பி வந்தவர்கள்தான். அந்த மூவருக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு வளர்ந்து இந்த ஆய்வாகிவிட்டது.

சூறாவளிக்கு ஆறு கிழமை முன்

குழுவின் பெயர் ஓகெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க். நீளம் கருதி எல்லோரும் ஓஎம்டி என்பார்கள். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், இரண்டு ஆற்று முகங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் விர்ரல் தீபகற்பத்துப் பொடியன்கள் இருவர் தொடங்கியது. ஒருவர் அன்டி மக்லஸ்கி, மற்றவர் போல் ஹம்ப்ரீஸ். மக்லஸ்கி 16 வயதில், 1975 செப்டெம்பரில், லிவர்பூல் எம்பயர் அரங்கில் ஜெர்மனியின் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வேர்க்கைப் பார்த்தார். தான் இருந்த இருக்கை கியூ 36 என்பதைக்கூட அவர் மறக்கவில்லை. அவர்களுடைய முதல் கருவிகளில் ஒன்று கோர்க் மைக்ரோ பிரீசெட் என்ற சின்ன சிந்தசைசர், மின்னால் ஒலியை உருவாக்கும் கீபோர்ட். மக்லஸ்கியின் அம்மா வைத்திருந்த தபால் விற்பனைப் பட்டியலில் பார்த்து வாராந்தத் தவணையில் வாங்கியது. சீட்டுப் போட்டுக் கசியோ வாங்கிய எங்கள் ஊர்க்காரருக்கு இது தெரிந்த கதை.

முதல் மேடை 1978 ஒக்டோபர் 12, லிவர்பூலின் எரிக்ஸ் கிளப்பில். மட்டக்களப்பில் அந்த ஆண்டுக்கு வேறு அடையாளம் உண்டு. சூறாவளி எங்கள் தென்னைகளை முறித்துப்போட்டது நவம்பர் 23இல். சரியாக ஆறு கிழமை முன்னால் இவர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள்.

1979இல் 'எலெக்ட்ரிசிட்டி'. 1980இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானத்தின் பெயரிலேயே ஒரு பாட்டு, 'எனோலா கே'. ஆட வைக்கும் தாளத்தில் அவ்வளவு பெரிய அழிவைப் பற்றிப் பாடியதுதான் இவர்கள் மீது எனக்கு வந்த முதல் மரியாதை. 1981இல் 'ஆர்கிடெக்சர் அன்ட் மொராலிட்டி' என்ற இசைத்தட்டு. அதிலிருந்த 'மெய்ட் ஒஃப் ஓர்லியன்ஸ்' அடுத்த ஆண்டு ஜெர்மனியில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் விற்ற தனிப்பாட்டு.

அப்புறம் 1983இல் 'டஸில் ஷிப்ஸ்' வந்தது. சிற்றலை வானொலி அறிவிப்புகள், நேரம் சொல்லும் குரல்கள், இயந்திரச் சத்தங்கள். முந்திய தட்டு 30 லட்சம் போனது, இது 3 லட்சம்தான் என்று மக்லஸ்கியே பல தடவை சொல்லியிருக்கிறார். பத்தில் ஒன்பது பேர் எழும்பிப் போய்விட்டார்கள். பயந்துபோன குழு அதன்பின் பாதுகாப்பான பாட்டுகள் பக்கம் திரும்பியது. 1984, 85, 86 என்று ஆண்டுக்கு ஒரு தட்டு, இடையில் ஓயாத அமெரிக்கப் பயணம். 1986இல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஒரு பாட்டுப் போனது. 1988இல் கலிபோர்னியாவின் ரோஸ் போல் மைதானத்தில் டிபெஷ் மோட் குழுவுக்கு முன்னால் வாசித்தார்கள். 1989இல் ஹம்ப்ரீஸும், தாளம் வாசித்த மால்கம் ஹோம்ஸும், கீபோர்ட் வாசித்த மார்ட்டின் கூப்பரும் விலகினார்கள். களைத்துப்போன ஆட்களின் பிரிவு அது.

சும்மா இருக்காத இடைவெளி

மக்லஸ்கி பெயரைத் தான் வைத்துக்கொண்டு தனியே மூன்று தட்டுகள் செய்தார். 1991இல் வந்த முதலாவது நன்றாகவே போனது. 1996இல் வந்த மூன்றாவதில் 'வோக்கிங் ஒன் த மில்கி வே' என்றொரு பாட்டு. அவர் எழுதியவற்றில் மிக நல்லவற்றுள் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம். பிரித்தானியப் பட்டியலில் 17ஆம் இடத்தோடு நின்றது. அப்போது அங்கே கிட்டார்க் குழுக்களின் காலம். சிந்தசைசர் என்றாலே பழசு. மக்லஸ்கி கடையை மூடினார்.

மூடிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. அட்டாமிக் கிட்டன் என்ற பெண்கள் குழுவை உருவாக்கினார். அவர்களுக்காக அவரும் சேர்ந்து எழுதிய 'ஹோல் அகெய்ன்' 2001இல் பிரித்தானியாவில் முதலாம் இடம். ஹம்ப்ரீஸ், புரோபகண்டா குழுவின் பாடகி குளோடியா புருக்கனோடு வன்டூ என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார். ஆக, குழுதான் நின்றது. கை நிற்கவில்லை. இந்த இடத்தை எங்கள் மூவரும் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர்களில் ஒருவர் 2004க்குப் பிறகு ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை என்று என்னிடம் சொன்னார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

பழைய தட்டை முதலில் வாசித்தார்கள்

2005இல் ஜெர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று பழைய நால்வரையும் சேர்ந்து வரச் சொல்லிக் கேட்டது. அதுதான் பொறி. 2006 ஜனவரியில் மறுபடி சேர்வதாக அறிவித்தார்கள். பெயர் இருந்தது, கேட்க ஆள் இருந்தது, பாட்டெழுதவும் தெரியும். அடுத்த ஆண்டே புதுத் தட்டு போட்டிருக்கலாம். போடவில்லை. 2007 மே மாதம் சுற்றுப்பயணம் போனார்கள். நிகழ்ச்சியின் முதல் பாதியில் 1981இன் 'ஆர்கிடெக்சர் அன்ட் மொராலிட்டி' தட்டை முழுவதுமாக வாசித்தார்கள். பின்பாதியில் மற்ற நல்ல பாட்டுகள். புதுத் தட்டு அதற்கும் மூன்று ஆண்டுகள் பிந்தித்தான் வந்தது.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார். அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய கொப்பி கைக்கு வரும். பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். கால் பிடிபட்ட பிறகு சதங்கை அணி. அதற்கும் பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது ஆட்டம், தரு என்ற கூத்துப் பாட்டு, வசனம் எல்லாவற்றையும் கோத்து முழுக்கூத்தையும் ஒரே மூச்சில் ஆடிப் பார்ப்பது. எல்லாம் முடிந்துதான் அரங்கேற்றம். சட்டம் கொடுத்த கிழமையே அரங்கேற்றம் வைத்த அண்ணாவியார் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

2007 பயணத்தை நான் அடுக்குப் பார்த்தல் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டை மட்டும் வாசிப்பதற்கும் ஒரு தட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பாட்டு என்றால் தெரிந்ததைப் பொறுக்கி வாசிக்கலாம். முழுத்தட்டு என்றால் 22 வயதில் எதற்காக அந்தக் கருவியை அந்த இடத்தில் வைத்தோம் என்று திரும்ப யோசித்தாக வேண்டும். அந்தத் தட்டின் குரல்போன்ற டோன்கள் மெலோட்ரோன் என்ற கருவியில் வாசித்தவை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு சின்ன ஒலிநாடா ஓடும், கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் பதிந்த குரலோ வயலினோ கேட்கும். நாடா சில நொடிகளில் முடிந்துவிடும், கையை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். பாட்டின் மூச்சே அதனால்தான் அப்படி அமைந்தது. அதை மறுபடி வாசித்துப் பார்க்காமல் அடுத்த பாட்டை எழுதியிருந்தால் அந்த மூச்சு அதில் வந்திருக்காது.

இன்னொன்றும் நடந்தது. 2008இல் 'டஸில் ஷிப்ஸ்' மறுபதிப்பாக வந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் சனத்தை ஓடவைத்த தட்டை இந்தத் தடவை பலர் கொண்டாடினார்கள். தோற்றது என்று தாங்களே மூடிவைத்ததற்கு ஆள் இருக்கிறது என்று குழுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடைக்கும் மறுபதிப்புக்கும் முன்னால் புதுத் தட்டு செய்திருந்தால் பயந்துபோய்ப் பாதுகாப்பான ஒன்றைத்தான் செய்திருப்பார்கள்.

(2007 மே மாதத்தில் எங்கள் பக்கத்தில் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் போரால் இடம்பெயர்ந்த சனம் இன்னும் முகாம்களில் இருந்தது. இதையெல்லாம் நான் பல வருடம் பிந்தித் தேடிப் படித்தவன்.)

2010இன் தட்டு

'ஹிஸ்டரி ஒஃப் மொடர்ன்' 2010 செப்டெம்பர் 20இல் வெளியானது. ஓஎம்டி என்ற பெயரில் 14 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் தட்டு. மக்லஸ்கியும் ஹம்ப்ரீஸும் முழுமையாகச் சேர்ந்து செய்ததில் 1986க்குப் பிறகு முதலாவது. சொந்த முத்திரையில் வெளியிட்டார்கள். அட்டை வடிவமைப்பு, 1979இல் அவர்களுடைய முதல் தனிப்பாட்டுக்கு அட்டை செய்த அதே பீற்றர் சேவில். 13 பாட்டுகள். பிரித்தானியப் பட்டியலில் 28ஆம் இடம்.

28 என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா? அப்போது பலர் சுமாரான திரும்பல் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தட்டைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, சில இடங்களைத் தவிர. 'நியூ ஹோலி கிரவுண்ட்' என்ற பாட்டில் தாளமே நடக்கும் காலடிச் சத்தம்தான். அதைக் கேட்கும்போது இவர்கள் உண்மையாகவே திரும்பி வந்துவிட்டார்கள் என்று உடம்பு சொல்கிறது. கிராஃப்ட்வேர்க் நால்வரின் பெயர் முதலெழுத்துகளையே தலைப்பாக வைத்த நன்றிப் பாட்டும் உண்டு. குரு காணிக்கை மாதிரி. ஆனால் 13 பாட்டு அதிகம். ஒரு பாட்டு 1981ஐ ஞாபகப்படுத்துகிறது, அடுத்தது 1991ஐ, அதற்கடுத்தது வேறு யாரோ செய்தது போல் இருக்கிறது. 'சிஸ்டர் மேரி சேஸ்' பல வருடம் பெட்டிக்குள் கிடந்த பழைய மெட்டிலிருந்து வந்தது. கேட்க இனிமையானதுதான். அதை எடுத்துப் போட்டது, புதியதில் நம்பிக்கை போதாமல் இருந்ததையும் காட்டுகிறது.

காரணம் எதுவென்று பார்த்தால், செய்த முறையில் இருக்கிறது. இருவரும் வேறு வேறு ஊர்களில் இருந்தபடி இணையத்தில் கோப்புகளை அனுப்பி அனுப்பிச் செய்த தட்டு அது. அந்த முறை தங்களுக்குத் திருப்தி தரவில்லை என்று பிறகு அவர்களே சொன்னார்கள்.

இதை நான் என் அறையிலேயே பார்த்தவன். சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் எனக்குக் கோப்புகள் வரும். அனுப்புகிறவர் அங்கேயே டோனைப் பிடித்து, எதிரொலி போட்டு, சத்தம் சரிபார்த்து, முடித்துத்தான் அனுப்புவார். நன்றாகவே இருக்கும். அதுதான் கஷ்டம். முடித்து வந்த பொருளில் "இந்த இடம் வேண்டாம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதிலுக்கு அதன் மேல் தன் பங்கை அடுக்குவார்கள். பாட்டு தடித்துக்கொண்டே போகும். ஒரே அறையில் என்றால், ஒருவர் கை வைத்தவுடன் மற்றவர் முகம் சுளித்தாலே போதும், அந்தச் சத்தம் அங்கேயே நின்றுவிடும். கீபோர்டில் ஆயிரம் டோன் இருக்கிறது. வேண்டாததை நீக்க ஒரு முகம் தேவை.

ஒரே அறைக்குள்

அடுத்த தட்டு 'இங்கிலிஷ் எலெக்ட்ரிக்', 2013 ஏப்ரலில். இந்தத் தடவை இருவரும் ஒன்றாக இருந்து எழுதினார்கள். கேட்டவுடன் தெரிகிறது. சத்தம் குறைந்திருக்கிறது, இடைவெளி கூடியிருக்கிறது. கிராஃப்ட்வேர்க்கில் இருந்த கார்ல் பார்ட்டோஸோடு மக்லஸ்கி தொண்ணூறுகளில் எழுதிய 'கிஸ்ஸிங் த மெஷின்' இதில் புது உருவத்தில் வந்தது. பழையதை எடுத்துப் போடுவதிலும் இரண்டு விதம் உண்டு. இது நிரப்புவதற்காகப் போட்டதல்ல, இந்த வீட்டுக்குள் இடம் பார்த்து வைத்தது. பட்டியலில் 12.

அதற்கு முந்திய மாதம்தான் கல்லடியில் புதுப் பாலம் திறந்தார்கள். 1924இன் பழைய இரும்புப் பாலத்தை இடிக்காமல் பக்கத்திலேயே விட்டார்கள். அந்த இரண்டு பாலங்களையும் நான் தினமும் பார்க்கிறேன். வாகனம் புதியதில் போகிறது. பின்னேரம் காற்று வாங்கப் போகிறவர்கள் பழையதில் நிற்கிறார்கள்.

2013 ஜூலையில் ரொறன்ரோவில் கடும் வெப்பத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது மால்கம் ஹோம்ஸ் மயங்கி விழுந்தார். இதயம் நின்று, மீண்டு உயிர் பிழைத்தார். அதன்பின் அவரால் குழுவில் தொடர முடியவில்லை. ஸ்டுவார்ட் கெர்ஷோ அந்த இடத்துக்கு வந்தார். ஐம்பது தாண்டிய குழுவைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. எங்கள் பாடகருக்குச் சீனி வருத்தம். மே மாத வெயிலில் திறந்த மேடை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

2017இல் 'த பனிஷ்மென்ட் ஒஃப் லக்ஷரி' 4ஆம் இடம். 2023 ஒக்டோபரில் 'பவுஹவுஸ் ஸ்டெயார்கேஸ்' 2ஆம் இடம். இளமையில் செய்த எந்த ஸ்டூடியோத் தட்டும் அவ்வளவு மேலே போகவில்லை. 28, 12, 4, 2 என்று அழகாக இறங்கும் இந்த எண்களில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1981இல் ஒரு இடத்தைப் பிடிக்கத் தேவைப்பட்ட விற்பனையில் சிறு பங்கு இன்று போதும். தட்டைக் காசு கொடுத்து வாங்கும் பழைய ரசிகர்கள் முதல் கிழமையிலேயே வாங்கிவிடுவார்கள், அதனால் பெயர் மேலே நிற்கும். ஆனாலும் அந்த ரசிகர் ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்தாரே. முதல் தட்டில் ஏமாந்திருந்தால் நான்காவதுக்கு வந்திருக்க மாட்டார். 2010இன் தட்டு அவரைப் பிடித்து வைத்தது, அதற்கு முந்திய மேடைகளின் கடன் அதில் இருக்கிறது.

டோனும் தொண்டையும்

கீபோர்ட் குழுவுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாதஸ்வரக்காரருக்கு வயது போனால் ஊதும் ஒலியும் மாறும், கேட்பவர் ஏற்றுக்கொள்வார். சிந்தசைசரின் டோன் மாறாது. 1980இன் டோனை இன்று கணினியில் அப்படியே எடுக்கலாம். மாறுவது பாடுகிறவரின் தொண்டை மட்டும். இளம் டோனுக்கு மேல் வயதான குரல். இதை மறைக்கப் பார்த்தால் தங்களையே நகல் எடுத்த மாதிரி ஆகிவிடும். ஓஎம்டி குரலை மறைக்கவில்லை. மக்லஸ்கியின் குரல் தடித்திருக்கிறது, அதற்கு இடம் விட்டுத்தான் பிந்திய பாட்டுகளை அமைத்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். கீபோர்டே இல்லை. அதோடு போன டோன்களும் இல்லை. மிஞ்சியது அவர்களுடைய பழைய பாட்டுகள் பதிந்த ஒரு கசெட். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழைப் பழந்தமிழ் நூல்களின் வரிகளிலிருந்து அளந்து அளந்து மீட்டு, 1947இல், காலமாவதற்குச் சில கிழமைகள் முன்னால் யாழ் நூலாக வெளியிட்டார். அவர் செய்ததன் பக்கத்தில் என் வேலையை வைக்க முடியாது. ஆனால் கசெட்டை ஓடவிட்டு ஒவ்வொரு டோனாகத் தேடும் இரவுகளில் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் மேசையில்

வித்தியாசங்களையும் அந்த மூவரிடம் சொன்னேன். ஓஎம்டிக்கு ஜெர்மனியிலும் பிரித்தானியாவிலும் காத்திருந்த ரசிகர்கள் உண்டு. பழைய பாட்டுகளின் உரிமைப் பணம் வந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்டு மேடையில் அடுக்குப் பார்க்க அவர்களுக்கு வசதி இருந்தது. எங்களுக்கு ஒரு மேடை போட்டாலே ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், வான் என்று கைக்காசு போகும். அதனால் மூன்று ஆண்டு கேட்கவில்லை. மூன்று மேடை கேட்டேன்.

பாடகர் முதலில் சம்மதிக்கவில்லை. "பழசத்தானே மனே திருப்பிப் பாடச் சொல்றாய்?" என்றார். ஒரு பாட்டு இரண்டு பாட்டு வேண்டாம், கசெட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அதே வரிசையில் பாடுங்கள் என்றேன். அக்கரைப்பற்றுக்காரர் அதுவரை பேசாமல் இருந்தவர், மேசையில் விரலால் இரண்டாவது பாட்டின் தாளத்தைத் தட்டத் தொடங்கினார். பாடகர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ரெண்டு கட்ட குறைச்சுப் போடுவம்" என்றார்.

அன்று வராத ரொறன்ரோக்காரர் ஆடி மாதம் மூன்று கிழமை விடுமுறையில் வருகிறார். அவர் அங்கிருந்தே கோப்பு அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் அண்ணே, வந்து இருந்து வாசியுங்கள் என்று எழுதியிருக்கிறேன். முதல் மேடை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மின்விசிறிக்குக் கீழே. புதுப் பாட்டு எட்டில் இரண்டை மட்டும் கடைசியில் போடுவதாகப் பேச்சு.

கசெட்டில் மூன்றாவது பாட்டின் தொடக்க டோனைத் தவிர மற்றவை கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டன. அந்த ஒன்றில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கிறது. எத்தனை இரவு முயன்றும் கணினியில் அது வரவில்லை. அவர் வந்து கையால் வாசித்துக் காட்டட்டும் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.